பட்டியலிலிருந்து வினாவுக்கு: தமிழாய்வில் ‘மானிடவியல் நோக்கு’ – ஒரு மதிப்பீடு

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்த்துறை ஆய்வேடுகளில் ‘மானிடவியல் நோக்கு’ என்பது பெரும்பாலும் ஒரு பனுவலில் காணப்படும் சடங்கு, உணவு, உடை, நம்பிக்கை, உறவுமுறை ஆகியவற்றைத் தலைப்புவாரியாகத் தொகுப்பதாகவே அமைகிறது. இத்தொகுப்பு முறை காலனிய கால இனவரைவியல் கையேடுகளிலிருந்து வந்தது. பல்கலைக்கழக மானிடவியல் துறைகள் நெடுங்காலத்துக்கு முன்பே அதைக் கடந்துவிட்டன. அத்துறைகளின் முதன்மையான பங்களிப்பு வகைப்பாடுகள் அல்ல. களத்திலிருந்து வினா எழுப்பும் முறையே ஆகும். தோடர் பற்றிய ரிவர்ஸ், எமனோ ஆகியோரின் ஆய்வுகள், ‘அணங்கு’ குறித்த விவாதம், தொ.பரமசிவனின் ‘அழகர் கோயில்’, இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு, தமிழாய்வு மானிடவியலிடமிருந்து எதைப் பெற வேண்டும், அதற்கு எதைத் தர இயலும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: மானிடவியல் நோக்கு, இனவரைவியல், களப்பணி, தோடர், அணங்கு, அழகர் கோயில், கோவேறு கழுதைகள்.

1. முன்னுரை

கடந்த சில பத்தாண்டுகளாகத் தமிழ்த்துறைகளில் மானிடவியல் சார்ந்த ஆய்வுத் தலைப்புகள் பெருகியுள்ளன. ‘இன்னார் புதினங்களில் மானிடவியல் கூறுகள்’, ‘இந்நூலில் இனவரைவியல் பதிவுகள்’ என்னும் தலைப்புகள் நமக்குப் பழக்கமானவை. இவற்றின் இயல் பகுப்பும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். முதல் இயல் மானிடவியலின் வரையறைகளைத் தரும். அடுத்தடுத்த இயல்கள் வாழிடம், தொழில், உணவு, பிறப்பு முதல் இறப்பு வரையிலான சடங்குகள், வழிபாடு, நம்பிக்கைகள் எனச் செல்லும். ஒவ்வொரு தலைப்பின் கீழும் பனுவலிலிருந்து மேற்கோள்கள் அடுக்கப்படும். இறுதியில், அப்பனுவல் குறிப்பிட்ட சமூகத்தின் வாழ்வியலைப் பதிவு செய்துள்ளது என்ற முடிவு எட்டப்படும்.

இம்முடிவு தவறன்று. ஆனால் ஆய்வு தொடங்கும் முன்பே அது தெரிந்ததாக இருக்கிறது. ஒரு சமூகத்தைப் பற்றி எழுதப்பட்ட புதினத்தில் அச்சமூகத்தின் உணவும் சடங்கும் இடம்பெறும் என்பதை மெய்ப்பிக்க மூன்றாண்டு உழைப்பு தேவையில்லை. பட்டியலுக்கு ஆவண மதிப்பு உண்டு. வழக்கிறந்து வரும் சொற்களையும் வழக்கங்களையும் திரட்டி வைப்பது பயனுள்ள பணியே. அத்திரட்டுக்கு ‘மானிடவியல் நோக்கு’ என்று பெயரிடுவது பொருந்துமா என்பதே இங்கு எழும் வினா.

2. பட்டியலின் பிறப்பிடம்

தலைப்புவாரித் தொகுப்பு முறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1874இல் இங்கிலாந்தில் ‘மானிடவியல் குறிப்புகளும் வினாக்களும்’ என்னும் கையேடு வெளியிடப்பட்டது. மானிடவியல் பயிற்சி இல்லாத பயணிகளும் காலனி நாடுகளில் வாழ்ந்த ஆங்கிலேயரும் தாம் கண்டவற்றைக் குறித்து அனுப்ப உதவுவதே அதன் நோக்கம். உடலமைப்பு, உடை, உணவு, திருமணம், சமயம் என அதில் தலைப்புகள் வகுக்கப்பட்டிருந்தன. தகவல் திரட்டுபவர் ஓரிடத்தில் இருப்பார். அதற்கு விளக்கம் காண்பவர் கடல் கடந்து இருப்பார். இந்தப் பிரிவினையே அப்பட்டியலுக்குத் தேவையை உண்டாக்கியது.

தென்னிந்தியாவில் இம்முறையின் உச்சம் எட்கர் தர்ஸ்டனின் பணி. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த அவர், க.ரங்காச்சாரியின் துணையுடன் ‘தென்னிந்தியச் சாதிகளும் பழங்குடிகளும்’ என்னும் ஏழு தொகுதிகளை 1909இல் வெளியிட்டார். சாதிகள் அகரவரிசையில் அமைந்துள்ளன. இன்றும் ஆய்வாளர்கள் நாடும் தகவல் களஞ்சியம் அது. ஆயினும், அருகருகே வாழ்ந்து ஒருவரையொருவர் சார்ந்திருந்த சமூகங்கள் அந்த வரிசையில் வெவ்வேறு தொகுதிகளுக்குச் சிதறிப் போயின. நிலமுடையவரும் அந்நிலத்தில் உழைத்தவரும் தனித்தனிப் பதிவுகளாயினர். அவர்களுக்கு இடையிலான உறவு எப்பதிவிலும் முழுமையாக இடம்பெறவில்லை.

பல்கலைக்கழகத் துறைகளின் தோற்றம் இந்நிலையை மாற்றியது. 1920களின் தொடக்கத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் முதுநிலைப் பாடமானது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1945இல் மானிடவியல் துறை தொடங்கப்பட்டது. உடல்சார் மானிடவியல், தொல்பழங்காலவியல், சமூக-பண்பாட்டு மானிடவியல், மொழிசார் மானிடவியல் என்னும் கிளைகளை ஒரு கூரையின்கீழ்க் கற்பிப்பது இத்துறைகளின் மரபு. களப்பணி இங்கு விருப்பத்துக்குரிய கூடுதல் பணியன்று. பட்டப்படிப்பின் கட்டாயப் பகுதி. மாணவர் ஓர் ஊரில் தங்கி, வீடுவீடாகக் குடிக்கணக்கெடுத்து, குலவழி வரைபடம் வரைந்து, தாம் கொண்டுசென்ற வினா பொருந்தாதபோது அதை மாற்றிக்கொள்ளக் கற்கிறார். தகவல் திரட்டுபவரும் விளக்கம் காண்பவரும் ஒருவரே ஆகும்போது பட்டியலின் ஆட்சி முடிவுக்கு வருகிறது.

தமிழாய்வு மானிடவியலை வரவேற்றபோது இந்த மாற்றத்தின் பயன் முழுமையாக வந்து சேரவில்லை. பக்தவத்சல பாரதியின் ‘பண்பாட்டு மானிடவியல்’ (1990) போன்ற நூல்கள் கோட்பாடுகளையும் கலைச்சொற்களையும் தமிழில் கிடைக்கச் செய்தன. அப்பணியின் பயன் பெரிது. ஆனால் அறிமுக நூலின் இயல் வரிசையையே ஆய்வேட்டின் இயல் வரிசையாகக் கொள்ளும் வழக்கமும் உடன் வளர்ந்தது. பாடநூல் ஒரு துறையின் பரப்பைக் காட்டுவதற்காகத் தலைப்புகளை வகுக்கிறது. ஆய்வேடு ஒரு சிக்கலைத் தீர்ப்பதற்காக இயல்களை வகுக்க வேண்டும். இந்த வேறுபாடு மறைந்ததே இன்றைய தேக்கத்துக்குக் காரணம்.

3. வில்லும் தந்தைமையும்

பட்டியலுக்கும் வினாவுக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்க நீலகிரித் தோடர் பற்றிய ஆய்வுகள் தக்க சான்று. டபிள்யூ.எச்.ஆர்.ரிவர்ஸ் 1901-02இல் தோடரிடையே பணியாற்றி, 1906இல் ‘தோடர்’ என்னும் நூலை வெளியிட்டார். குலவழி வரைபடங்களைத் திரட்டி, அவற்றின்வழி உறவுமுறையையும் திருமண முறையையும் சரிபார்க்கும் முறையை அவர் இங்கு விரிவாகப் பயன்படுத்தினார்.

தோடரிடையே உடன்பிறந்த ஆண்கள் ஒரே பெண்ணை மணக்கும் வழக்கம் இருந்தது. அப்பெண் கருவுற்று ஏழாம் மாத அளவில் கணவன்மார்களுள் ஒருவர் மரக்கிளையாலும் புல்லாலும் செய்த வில் அம்பை அவளிடம் அளிப்பார். அவ்வாறு அளித்தவரே குழந்தையின் தந்தை. வேறொருவர் அச்சடங்கைச் செய்யும்வரை அடுத்துப் பிறக்கும் குழந்தைகளுக்கும் அவரே தந்தை. அவர் இறந்துவிட்டாலும் இந்நிலை மாறுவதில்லை.

இச்செய்தியைக் ‘கூறுகள்’ முறை எவ்வாறு கையாளும்? ‘திருமணம்’ என்னும் தலைப்பின் கீழ்ப் பல கணவர் மணம் இடம்பெறும். ‘சடங்குகள்’ என்னும் தலைப்பின் கீழ், வளைகாப்புக்கு இணையானதாக, வில் கொடுத்தல் இடம்பெறும். இரண்டும் வெவ்வேறு இயல்களில் நிற்கும். தந்தைமை என்பது உயிரியல் உறவால் அன்றிச் சமூகம் ஏற்கும் ஒரு செயலால் நிறுவப்படுகிறது என்னும் உண்மை இரு இயல்களுக்கும் இடையே நழுவிவிடும். ‘இக்குழந்தையின் தந்தை யார் என்பதை எது முடிவு செய்கிறது?’ என்று கேட்பவருக்கே அச்சடங்கு பொருள் தருகிறது.

இவ்வரலாற்றுக்கு இன்னொரு பகுதியும் உண்டு. ரிவர்ஸ் மொழிபெயர்ப்பாளர்களின் துணையுடன் சில மாதங்களே பணியாற்றினார். தோடரின் தந்தைவழிக் குலங்களை விரிவாக விளக்கிய அவர், அச்சமூகத்தில் தாய்வழிப் புறமணக் குழுக்களும் இருந்ததைக் காணத் தவறினார். அதைக் கண்டறிந்தவர் மொழியியலாளர் எம்.பி.எமனோ. 1930களின் நடுவில் நீலகிரிக்கு வந்து, தோட மொழியைக் கற்று, பாடல்களையும் உறவுப் பெயர்களையும் திரட்டிய அவருக்கே தோடரின் இருவழி மரபு புலப்பட்டது. குலவழி வரைபடம் என்னும் நுட்பமான கருவி கையில் இருந்தும் மொழி இன்மையால் தவறவிட்டதை, மொழியைக் கருவியாகக் கொண்டவர் கண்டார். மொழிப்பயிற்சியையே அடித்தளமாகக் கொண்ட தமிழ்த்துறைகள் இந்நிகழ்விலிருந்து கற்க வேண்டியது நிரம்ப உள்ளது.

4. ‘அணங்கு’: சொல்லாய்வு செய்த திருத்தம்

மேற்சொன்னது பழங்குடி மொழிக்கு மட்டும் உரியதன்று. சங்க இலக்கிய ஆய்விலும் இதற்கு இணையான நிகழ்வு உண்டு. ஜார்ஜ் எல்.ஹார்ட் 1975இல் வெளியிட்ட பழந்தமிழ்ப் பாடல்கள் பற்றிய நூலில், அணங்கு என்பதை அச்சம் தரும் ஒரு புனித ஆற்றலாக விளக்கி, அது சிறப்பாகப் பெண்ணிடம், அவளது கற்போடு இணைந்து உறைவதாகக் கொண்டார். பெண்ணின் ஆற்றல் பற்றிய விவாதம் மானிடவியலில் வலுப்பெற்ற காலம் அது. சூசன் வாட்லி தொகுத்த ‘தமிழ்ப் பெண்களின் ஆற்றல்கள்’ என்னும் தொகுப்பு 1980இல் வெளிவந்தது. அணங்கு பற்றிய விளக்கம் அச்சூழலில் பரவலான ஏற்பைப் பெற்றது.

வி.எஸ்.ராஜம் 1986இல் எழுதிய கட்டுரை இவ்விளக்கத்தை மறுத்தது. ‘அணங்கு’ என்னும் சொல் வரும் இடங்களை எல்லாம் சூழலோடு ஆராய்ந்த அவர், அச்சொல்லின் பரந்த பொருள் எல்லை பெண்ணின் புனித ஆற்றல் என்னும் ஒற்றைப் பொருளுக்குள் சுருக்கப்பட்டுவிட்டதை எடுத்துக்காட்டினார். அச்சொல் பெயராகவும் வினையாகவும் வருகிறது. வருத்தத்தையும் வருத்துவதையும் குறிக்கிறது. மலை, நீர், தெய்வம் முதலிய பலவற்றோடும் சார்ந்து வருகிறது. ஒரு பண்பாட்டின் மையக் கருத்தாகக் காட்டப்பட்ட ஒன்று சொல்வழக்கின் சான்றுகளுக்கு முன் நிலைபெறவில்லை.

ராஜத்தின் கட்டுரை மானிடவியலைப் புறந்தள்ளவில்லை. ஒரு சமூகத்தின் கருத்தை அச்சமூகத்தின் சொல்வழியே அணுக வேண்டும் என்னும் மானிடவியலின் கொள்கையை அதைவிடக் கண்டிப்பாகப் பின்பற்றியது. தமிழாய்வாளர் மானிடவியல் கோட்பாட்டைப் பொருத்திப் பார்ப்பவராக மட்டும் இருக்க வேண்டியதில்லை. அதைத் திருத்தும் தகுதியும் அவருக்கு உண்டு. ‘கூறுகள்’ முறை இத்தகுதியை முன்கூட்டியே கைவிடுகிறது. கோட்பாடு சரி என்று கொண்ட பின்பே அது சான்று தேடத் தொடங்குகிறது.

5. தமிழ்த்துறைக்குள் ஒரு முன்மாதிரி

களத்திலிருந்து வினா எழுப்பும் முறை தமிழ்த்துறைக்குப் புதிதன்று. தொ.பரமசிவனின் முனைவர் பட்ட ஆய்வு ‘அழகர் கோயில்’ என்னும் நூலாக 1989இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தால் வெளியிடப்பட்டது. அவர் தமிழ் பயின்றவர். எடுத்துக்கொண்டதோ ஒரு வைணவத் தலம். கோயிலின் வரலாறு, கட்டடக்கலை, திருவிழா, பாசுரங்கள் எனப் பட்டியலிட்டு முடிப்பதற்கு எல்லா வாய்ப்பும் இருந்தது.

அவர் அக்கோயிலுக்கும் அதைச் சூழ்ந்து வாழும் கள்ளர், இடையர், பள்ளர், பறையர், வலையர் முதலிய சமூகங்களுக்கும் இடையிலான உறவை ஆய்வின் மையமாக்கினார். அதனால் திருவிழாவின் ஒவ்வொரு கூறும் வினாவாக மாறியது. பெருமாள் ஏன் கள்ளர் கோலம் பூண்டு மதுரைக்கு வருகிறார்? மண்டூக முனிவரின் சாபம் நீக்க வைகைக்கு வருவதாகக் கோயில் மரபு கூற, தங்கை மீனாட்சியின் திருமணத்துக்கு வந்து, காலம் தாழ்ந்ததால் சினந்து திரும்புவதாக மக்கள் ஏன் கூறுகின்றனர்? இவ்விரு கதைகளும் ஒன்றையொன்று அழிக்காமல் ஒரே விழாவில் எவ்வாறு நிலைபெறுகின்றன? திருமலை நாயக்கர் காலத்தில் சைவ, வைணவ விழாக்கள் இணைக்கப்பட்டதன் அரசியல் என்ன?

இங்குக் கல்வெட்டும் பாசுரமும் வாய்மொழிக் கதையும் களத்தில் திரட்டிய செய்திகளும் ஒன்றையொன்று சரிபார்க்கின்றன. வாய்மொழிக் கதை ‘நம்பிக்கை’ என்னும் தலைப்பின் கீழ் ஒதுக்கப்படவில்லை; ஒரு பெருங்கோயிலின்மீது எளிய மக்கள் கொண்டாடும் உரிமையின் சான்றாகப் படிக்கப்படுகிறது. கலைச்சொற்களை அள்ளித் தெளிக்காமலேயே இந்நூல் மானிடவியல் ஆய்வாக நிற்பதற்குக் காரணம் அதன் வினாக்களே. இந்நூலைப் பலரும் மேற்கோள் காட்டுகின்றனர். அதன் முறையைப் பின்பற்றியவர்கள் அந்த அளவுக்கு இல்லை.

6. புதினம் கோட்பாட்டைச் சோதித்தல்

கள ஆய்வுக்கு உரிய இம்முறை புதின ஆய்வுக்குப் பொருந்துமா என்ற ஐயம் எழலாம். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) இதற்கு விடை தரும். பறையர் குடியிருப்புக்குத் துணி வெளுக்கும் வண்ணார் குடும்பத்தைச் சேர்ந்த ஆரோக்கியம் என்னும் பெண்ணை மையமாகக் கொண்டது இப்புதினம். ‘கூறுகள்’ முறையில் இதை அணுகினால் பிறப்பு, இறப்புச் சடங்குகளில் வண்ணாரின் பங்கு, இரவில் வீடுவீடாகச் சோறு எடுத்தல், களத்தில் தானியம் பெறுதல், கிறித்தவ வழிபாடு என நீண்ட பட்டியல் கிடைக்கும்.

இதே சமூக உறவு மானிடவியலில் ஒரு பெரும் விவாதத்துக்கு அடிப்படையாக அமைந்தது. மைக்கேல் மொஃபத் செங்கல்பட்டுப் பகுதியின் எண்டாவூரில் செய்த ஆய்வை 1979இல் வெளியிட்டார். மேல்சாதியினருக்குப் பணிசெய்யும் வண்ணார் முதலியோரின் சேவை ஒடுக்கப்பட்டோருக்கு மறுக்கப்படும்போது, அவர்கள் தமக்குக் கீழே அதே பணிகளைச் செய்யும் பிரிவினரைக் கொண்டு அதே அமைப்பைத் தம்முள் படியெடுத்துக்கொள்கின்றனர் என்று அவர் காட்டினார். இதிலிருந்து, சாதியமைப்பின் விழுமியங்களோடு அவர்கள் உடன்படுகின்றனர் என்னும் முடிவுக்கு வந்தார். ராபர்ட் டெலியேஜ் 1992இல் இதை மறுத்தார். அமைப்பைப் படியெடுப்பது வேறு, அதற்கு உடன்படுவது வேறு என்பதும், தமது தாழ்நிலையை அம்மக்கள் நியாயமாக ஏற்பதில்லை என்பதும் அவர் வாதம்.

இவ்விவாதத்தை மனத்தில் கொண்டு புதினத்துக்குத் திரும்பினால் பட்டியலில் இருந்த செய்திகள் வேறு வடிவம் பெறுகின்றன. மொஃபத்தின் ஆய்வு பெரும்பாலும் பறையர் நிலையிலிருந்து அமைப்பைக் காண்கிறது. புதினமோ அந்த அமைப்பின் இன்னும் கீழ்ப்படியில் நிற்கும் ஒரு பெண்ணின் நிலையிலிருந்து காண்கிறது. ஆரோக்கியத்தின் முறையீடு தொழிலைப் பற்றியதன்று. செய்த பணிக்கு வரவேண்டிய தானியமும் சோறும் ஆண்டுக்காண்டு குறைவதைப் பற்றியது. அவள் பேச்சு முழுதும் பணிவுமொழி. ஆனால் அப்பணிவு தனக்கு உரிய பங்கைக் கேட்டுப் பெறும் வழியாகவும் இயங்குகிறது. தன்னைத் தாழ்த்திச் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் கேட்பவரின் கடமையை நினைவூட்டும் சொல்லாகவும் இருக்கிறது.

எனவே ‘உடன்பாடு’, ‘மறுப்பு’ என்னும் இருமை இங்குப் போதவில்லை. அமைப்பின் மொழியைப் பேசாமல் அவள் தன் உரிமையைக் கேட்க இயலாது. அம்மொழியைப் பேசும்போதே அவள் தாழ்நிலை உறுதிப்படுகிறது. உரிமைப் பங்கு சுருங்கும்போது அவளிடம் எஞ்சுவது பணிவு மட்டுமே. இம்முரண் களத்தில் எடுக்கப்படும் நேர்காணலில் எளிதில் அகப்படாது. வெளியாரிடம் தரப்படும் விடையில் பணிவும் இருக்காது, முறையீடும் அதே வடிவில் இருக்காது. பேச்சின் தொனியையும் சூழலையும் தொடர்ந்து காட்டும் புதினத்துக்கு அது இயல்கிறது.

புதினத்தைக் களத்தரவாகவே கொள்ள வேண்டும் என்பது இதன் பொருளன்று. ஆசிரியரின் தேர்வும் கதைப்போக்கின் தேவையும் அதில் உண்டு. தலித் மக்களிடையேயான ஏற்றத்தாழ்வை முன்வைத்ததற்காக இப்புதினம் வெளிவந்த காலத்தில் விவாதத்துக்கும் உள்ளானது. யார், எந்நிலையிலிருந்து, யாரை நோக்கிப் பேசுகிறார் என்று கேட்பது இனவரைவியலுக்கு எத்துணைத் தேவையோ, புதினத்துக்கும் அத்துணைத் தேவை. ‘சமூகப் பதிவு’ என்னும் பாராட்டு அக்கேள்வியைக் கேட்கவிடாமல் செய்துவிடுகிறது.

7. முடிவுரை

மேற்கண்ட சான்றுகளிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, மானிடவியல் நோக்கு என்பது பொருள் பற்றியதன்று, வினா பற்றியது. சடங்கைப் பேசுவதால் ஓர் ஆய்வு மானிடவியல் ஆய்வாகிவிடாது. அச்சடங்கு எவ்வுறவை நிறுவுகிறது அல்லது மறைக்கிறது என்று கேட்கும்போதே ஆகிறது. இரண்டாவது, கோட்பாட்டுக்கும் பனுவலுக்கும் இடையிலான போக்குவரத்து ஒருவழிப்பட்டதன்று. எமனோவும் ராஜமும் காட்டியதுபோல, மொழியறிவு கோட்பாட்டின் பிழையைக் காட்ட வல்லது. மூன்றாவது, இலக்கியம் கோட்பாட்டுக்குச் சான்று தரும் கிடங்கு மட்டுமன்று. கோட்பாட்டைச் சோதிக்கும் களமும் ஆகும்.

இவற்றை நடைமுறைப்படுத்தச் சில மாற்றங்கள் வேண்டும். ஆய்வுத் திட்ட முன்வரைவில் ‘கூறுகள்’ என்னும் சொல்லுக்கு மாற்றாக, ஆய்வு விடை காண முயலும் வினா எழுதப்பட வேண்டும். அவ்வினாவுக்கு இரு வேறு விடைகள் இயலுமா என்பதை நெறியாளர் சோதிக்க வேண்டும். ஒரே விடைதான் இயலும் எனில் அது வினாவாகாது. ஒரே வளாகத்தில் இரு துறைகளும் உள்ள பல்கலைக்கழகங்களில் தமிழ் ஆய்வாளர்கள் மானிடவியல் மாணவர்களோடு களப்பணிக்குச் செல்லவும், மானிடவியல் மாணவர்கள் தமிழ்த்துறையில் வழக்காறுகளையும் பனுவல்களையும் பயிலவும் வழி செய்யலாம். இதற்குப் பெருநிதி தேவையில்லை. பாடத்திட்டத்தில் இடமும் துறைகளிடையே இசைவும் போதும்.

வழக்கிழந்த சொற்களையும் சடங்குகளையும் திரட்டும் பணி தொடரட்டும். அதை அகராதி, ஆவணம் என்னும் அதற்குரிய பெயர்களால் அழைப்போம். ஒரு சமூகத்தின் வாழ்வை எழுதிய படைப்பாளியிடம் அச்சமூகத்தின் உணவு என்ன, உடை என்ன என்று மட்டும் கேட்டுத் திரும்புவது, நூறாண்டுக்கு முன் தலையையும் மூக்கையும் அளந்து சென்றவரின் செயலோடு நாம் எண்ணுவதைவிட நெருக்கமானது. அம்மக்கள் தம் வாழ்வைப் பற்றிக் கொண்டிருந்த எண்ணம் என்ன என்று கேட்கும் கடமை, அவர்கள் மொழியிலேயே ஆய்வு செய்யும் நமக்குக் கூடுதலாக உண்டு.